மொக்கைச்சாமியின் காலை வணக்கம்

பிரிஸ்கில்லாவைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். இவ்வளவு மூளை உள்ள பெண் இப்படி ஊரில் உள்ள எல்லாருக்கும் தலையாட்டிக்கொண்டு கிடப்பாளா என்கிற கோபம். என் பெயர் சர்புன்னிசா. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரொனால்டு அண்ணன் நடத்தும் பிரவுசிங் சென்டரில் ஜெராக்ஸ் மிஷின் என் பொறுப்பு. எதிர் மூலையில், ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவள் அவள். நான் நாளெல்லாம் நின்றேன், அவள் நாளெல்லாம் உட்கார்ந்திருந்தாள். "உனக்கென்னடி, பேனுக்குக் கீழ உக்காந்த வேலை" என்று சீண்டுவேன். அவள் சிரித்துக்கொள்வாள். கொஞ்ச காலம் போனபிறகு அந்தச் சீண்டலை நானே விட்டுவிட்டேன்.

அவள் வீடு நாகல் நகரில். அப்பா இல்லை. அம்மா ஜெயமேரியும் அவளும்தான். கம்ப்யூட்டர் படித்துவிட்டு, தமிழ் டைப்பிங்குக்கு என்று எங்கள் கடைக்கு வந்தவள். இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் ஊரில் எல்லாருக்கும் வெப்சைட் ஆசை பிடித்துக்கொண்டது. விசிட்டிங் கார்டின் அடியில் அந்த ஒரு வரி இல்லாவிட்டால் கௌரவக் குறைச்சல். மதுரையில் கொடுத்துச் செய்தவர்கள் ஒரு போன் நம்பரை மாற்ற வேண்டுமென்றாலும் மதுரைக்குத்தான் பஸ் ஏறினார்கள். பிரிஸ்கில்லா ஒரு வழி கண்டுபிடித்தாள். ஜனங்கள் மனதில் பட்டதையெல்லாம் இன்டர்நெட்டில் தினமும் எழுதி வைக்கிறார்களே, வலைப்பூ, அதற்கென்று இலவசமாக ஒரு மென்பொருள் உண்டு. அதையே வைத்துக் கடைக்கும் பள்ளிக்கும் வெப்சைட் கட்டினால் என்ன என்று யோசித்தாள். வெளியே பார்த்தால் ஜோரான வெப்சைட். உள்ளே போனால் எழுதுவதற்கு ஒரு கட்டம். அதில் டைப் அடித்துப் பட்டனை அமுக்கினால் முடிந்தது வேலை.

"கடுதாசி டைப் அடிக்கத் தெரிஞ்சாப் போதும்க்கா. அவுங்க வெப்சைட்டை அவுங்களே பாத்துக்குவாங்க. நாம செஞ்சு குடுத்துட்டு நம்ம சோலியப் பாத்துக்கிட்டுப் போயிறலாம்" என்றாள்.

எவ்வளவு நம்பிக்கை பாருங்கள்.

ஒரு பூட்டுக் கடை, ஒரு பூ மண்டி, சிறுமலை வாழைப்பழ வியாபாரி ஒருவர் என்று வரிசையாக வந்தார்கள். எல்லாருக்கும் செய்து கொடுத்தாள். ஆளுக்கொரு அட்டையில் பாஸ்வேர்டை அழகாக அச்சடித்துக் கொடுத்து, பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லியும் கொடுத்தாள். பூட்டுக் கடைக்காரர் அட்டையை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அதோடு சரி. பூ மண்டி சடையாண்டி அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து முருகன் படத்தின் கீழே செருகிவிட்டு, தினமும் காலையில் போன் செய்தார்.

"தாயி, மல்லி வெலைய மாத்திரு."

ஒருநாள் போனைப் பிடுங்கி நானே கேட்டேன். "பாஸ்வேர்டு குடுத்தோம்ல, நீங்களே மாத்தலாம்லண்ணே?"

"அது சாமி படத்துக்குக் கீழ இருக்கும்மா. அடிக்கடி எடுத்தா நல்லாருக்காது" என்றார் மனுஷன். இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்?

ஒருமுறை அவளும் அவள் அம்மாவும் சிறுமலைக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகக் கிளம்பினார்கள். அங்கே போகிற பஸ்களே சொற்பம். ஏறி உட்கார்ந்துவிட்டார்கள், பஸ்ஸும் நகர ஆரம்பித்துவிட்டது. அப்போது ரொனால்டு அண்ணன் போன் செய்தார். பூட்டுக் கடை வெப்சைட்டில் யாரோ ஒரு குறும்புக்காரன், 'இந்தப் பூட்டை நான் கொண்டை ஊசியால் திறந்துவிட்டேன்' என்று கருத்து எழுதிவிட்டானாம். கடைக்காரர் எங்கள் கடை வாசலில் வந்து நின்று கத்துகிறார். பிரிஸ்கில்லா பஸ்ஸை நிறுத்தி இறங்கி வந்து அதை அழித்தாள். அம்மா மட்டும் மலைக்குப் போனார். "நாளைக்கு அழிச்சா ஒலகம் இடிஞ்சா போயிரும்?" என்று நான் திட்டினேன். "பாவம்க்கா, பயந்துட்டாரு" என்றாள். யாரைப் பார்த்தாலும் அவளுக்குப் பாவம்.

இவர்கள் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவர் மொக்கைச்சாமி. சின்ன வெங்காய வியாபாரத்தில் சம்பாதித்து, எரியோடு ஊருக்குப் போகிற ரோட்டில் மெட்ரிகுலேஷன் பள்ளி கட்டியவர். பள்ளியின் தாளாளர். குரல் வெங்காயப் பேட்டையில் ஏலம் விட்டுப் பழகிய குரல். 'காலை வணக்கம் மாணவச் செல்வங்களே' என்று தொடங்கும் அவருடைய வாழ்த்துச் செய்தியைப் பள்ளி வெப்சைட்டில் படத்தோடு போட்டிருந்தாள். ஒரு வாரம் கழித்துக் கடைக்குள் வந்தார்.

"ஏம்மா, என் தலைக்கு மேல ரெண்டாப்புப் புள்ளைக சாக்கு ஓட்டம் ஓடுதுக?"

விஷயம் இதுதான். அந்த மென்பொருளுக்கு ஒரு குணம் உண்டு. கடைசியாக எழுதியது எதுவோ அதுதான் மேலே நிற்கும். பழையது கீழே இறங்கிக்கொண்டே போகும். ஆள் யார், அந்தஸ்து என்ன என்பதெல்லாம் அதற்குத் தெரியாது, தேதி மட்டும்தான் தெரியும். ஒவ்வொன்றுக்கும் அடியில் எழுதியவர் பெயர் வேறு பொடி எழுத்தில் தானாக விழும். எங்கள் ஊர் வெப்சைட்டுகளில் எல்லாம் பிரிஸ்கில்லா பிரிஸ்கில்லா என்றுதான் விழுந்தது. அதை ஒருத்தரும் கவனிக்கவில்லை. மேலே யார் என்பதை மட்டும் எல்லாரும் கவனித்தார்கள். நம் பக்கம் கல்யாணப் பத்திரிகையில் எந்த மாமன் பெயர் மேலே என்பதற்கே சம்பந்தம் முறிந்திருக்கிறது. விளையாட்டு விழாச் செய்தி புதியது என்பதால் தாளாளருக்கு மேலே போய் உட்கார்ந்துவிட்டது.

"அப்ப ஒங்களுக்குன்னு தனிப் பக்கம் போட்டுர்றேன்யா. அது எறங்காது. ஆனா தேதி வராது" என்றாள் பிரிஸ்கில்லா.

"தேதி இல்லாமயா? தேதி இருந்தாத்தானம்மா நான் உசுரோட இருக்கேன்னு ஜனங்களுக்குத் தெரியும்."

அன்றிலிருந்து தினமும் காலையில் அவருடைய செய்திக்கு அன்றைய தேதியைப் போட்டு மேலே ஏற்றுவது அவளுடைய முதல் வேலை ஆனது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும் வழியில் கடையைத் திறந்து அதைச் செய்துவிட்டுத்தான் மாதா கோயிலுக்குப் போவாள். கொஞ்ச நாளில் அவர், "தெனம் ஒண்ணையே சொன்னா எப்பிடி? புதுசா நாலு வார்த்தை நீயே போட்டுரு, பாப்பா" என்று சொல்லிவிட்டார். அவளும் போட்டாள். மழை நாளில் மரத்தடியில் நிற்காதீர்கள், பரீட்சைக்கு முந்தின நாள் நன்றாகத் தூங்குங்கள், வீட்டில் அம்மாவுக்கு ஒரு குடம் தண்ணீர் எடுத்துக் கொடுங்கள் என்று அவர் பெயரில் இவள் பேசினாள். மொக்கைச்சாமி அதில் ஒன்றையாவது படித்தாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். மேலே நிற்கிறோமா என்று மட்டும் பார்த்துக்கொள்வார்.

காய்ச்சல் வந்தாலும் வந்தாள். அவள் பெரியப்பா மகள் கல்யாணத்துக்குத் தஞ்சாவூர் போனவள் அங்கே ஒரு பிரவுசிங் சென்டரைத் தேடிக்கொண்டு அலைந்ததில் தாலி கட்டுவதையே பார்க்கவில்லை. ரொனால்டு அண்ணன் கடைச் சாவி ஒன்றை அவளிடமே கொடுத்துவிட்டார். அது மரியாதை என்று அவர் நினைப்பு. எனக்கு அந்தச் சாவியைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டாயிரத்து எட்டில் அவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. வெப்சைட் செய்கிற பெரிய கம்பெனி. ஆறு மாதம் பார்த்துவிட்டு ஜனவரியில் நிரந்தரம் ஆக்குவார்கள், அதன் பிறகு அம்மாவையும் அங்கேயே கூட்டிப்போய் வைத்துக்கொள்ளலாம் என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ரொனால்டு அண்ணன் கண் கலங்கினார். பிறகு வேறு வழியில்லாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மல்லி விலை மாற்றக் கற்றுக்கொண்டார். அத்தனை வருஷம் வராத படிப்பு ஒரே வாரத்தில் வந்துவிட்டது அவருக்கு. ஆனால் மொக்கைச்சாமிக்காகத் தினமும் எழுத அவருக்குக் கை வரவில்லை.

அதற்கும் அந்த மென்பொருளிலேயே வழி இருந்தது. இன்றைக்கே எழுதி, வரப்போகிற ஒரு தேதியைப் போட்டு வைத்தால், அந்த நாள் காலையில் அது தானாக வெளியே வரும். பிரிஸ்கில்லா சாயங்காலங்களில் கூட்டம் குறைந்ததும் உட்கார்ந்து, டிசம்பர் முடிய உள்ள எல்லா நாளுக்கும் மொக்கைச்சாமியின் வணக்கத்தை எழுதி வைத்தாள். ஆடிக்குக் காற்று, ஐப்பசிக்கு மழை, மார்கழிக்குப் பனி. "வருசம் முடியறதுக்குள்ள அங்க ஒரு டீச்சருக்குக் கத்துக் குடுத்துருவேன்க்கா" என்றாள். ஜூனில் பஸ் ஏற்றிவிட்டேன். விடுதலை ஆகிப் போகிறவளைப் பார்ப்பது போல் இருந்தது எனக்கு. மனதார துவா செய்தேன்.

ஆடி மாதத்தில் ஒருநாள் மொக்கைச்சாமி வெங்காயப் பேட்டையில் பேசிக்கொண்டே சாய்ந்தார். உயிர் அங்கேயே போய்விட்டது. பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பள்ளி வெப்சைட்டில் அவர் வந்தார். 'காலை வணக்கம் மாணவச் செல்வங்களே. காற்று பலமாக இருக்கிறது. கண்ணில் தூசி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் என்றும் உங்களோடு இருக்கிறேன்.' அதற்கு மறுநாளும் வந்தார். மஸ்கட்டிலிருந்து ஒரு பழைய மாணவன், 'ஐயா நீடூழி வாழ்க' என்று எழுதியிருந்தான்.

கருமாதி முடிந்த கையோடு முகேஷ்குமார் எங்கள் கடைக்கு வந்தான். மொக்கைச்சாமியின் தம்பி மகன், புதுத் தாளாளர். "என்னண்ணே இது, பெரியப்பா செத்துக் கருமாதியும் முடிஞ்சுபோச்சு, இன்னும் தெனம் வந்து வணக்கம் சொல்லிக்கிட்டிருக்காரு. என் வாழ்த்துச் செய்தியப் போட்டும் நான் அவருக்குக் கீழ கெடக்கேன்" என்று ரொனால்டு அண்ணனிடம் குதித்தான். நான் பிரிஸ்கில்லாவுக்குப் போன் போட்டேன். ஐயோ ஐயோ என்று பதறினாள். பிறகு, "சாயங்காலம் எல்லாத்தையும் எடுத்துர்றேன்க்கா. பத்து நிமிச வேலை. அதோட முடிஞ்சிரும்" என்றாள். கடைசிச் சொல்லைச் சொல்லும்போது பாரம் இறங்கினது போல அவள் குரல் லேசாக இருந்தது. இருக்கட்டுமே, அதில் என்ன தப்பு?

சாயங்காலம் ஆவதற்குள் ஜக்கம்மாள் வந்துவிட்டார். மொக்கைச்சாமியின் மனைவி. பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூட வளாகத்துக்குள்ளேயே வீடு. நான் அவரை அதற்கு முன் பார்த்ததுகூட இல்லை. ஜெராக்ஸ் மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இங்கதான அவரப் பேச வைக்கிறது? நிப்பாட்டப் போறீகன்னு முகேசு சொன்னான். நிப்பாட்டிராதீக தாயி."

"அம்மா, அது சும்மா எழுதி வச்சது."

"ஆபீசுல டீச்சர் தெனம் காலையில போட்டுக் காட்டுது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கேன். நேத்து மழை வருது, துணிய எடுத்து வைங்கன்னாரு. நெசமாவே வந்துச்சு." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உசுரோட இருக்கையில எங்கிட்ட இம்புட்டு நல்லாப் பேசுனதே இல்ல தாயி."

அவரை அனுப்பிவிட்டு மறுபடியும் போனை எடுத்தேன். பிரிஸ்கில்லாவிடம் அப்படியே சொன்னேன். ஒருதடவை திருப்பிச் சொல்லச் சொன்னாள். பிறகு, "சரிக்கா, இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். முகேஷ்குமாரும் பெரியம்மா சொல்லைத் தட்டமுடியாமல் கீழேயே கிடந்தான்.

இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டால் போகிற காரியமா அது? எழுதி வைத்த செய்திகளில் காலாண்டுப் பரீட்சை என்று ஒரு நாள் வரும், பரீட்சையோ தள்ளிப்போயிருக்கும். மழை என்று வரும், வெயில் கொளுத்தும். ஜக்கம்மாள் என்னிடம் வந்து, "இன்னிக்கு ஏன் தப்பாச் சொல்றாரு, ஒடம்புக்கு என்னவாம்?" என்று கேட்பார். செத்தவருக்கு உடம்புக்கு என்ன. பிரிஸ்கில்லா கோயம்புத்தூரில் வேலை முடிந்து பிரவுசிங் சென்டருக்குப் போய், திண்டுக்கல்லில் மழையா வெயிலா என்று என்னிடம் கேட்டு மாற்றி மாற்றி எழுதினாள். ஊரை விட்டுப் போனால் போதும் என்று நினைத்தவளுக்கு அந்த மென்பொருள் போன இடமெல்லாம் கூடவே வந்தது.

அக்டோபரில் நான் பொறுக்கமாட்டாமல், "பாஸ்வேர்டை எனக்குக் குடு, நான் எழுதுறேன். நீ ஒன் பொழப்பப் பாரு" என்றேன். கொடுத்தாள். உட்கார்ந்து ஒரு வணக்கம் எழுதினேன். நல்லதாகத்தான் எழுதினேன் என்று என் நினைப்பு. மறுநாள் ஜக்கம்மாள் வாடிய முகத்தோடு வந்தார்.

"இன்னிக்கு ஏன் கோவமாப் பேசுறாரு? பழையபடி ஆயிட்டாரே."

அதோடு என் எழுத்து வேலை முடிந்தது.

நவம்பரில் கம்பெனி மேனேஜர் பார்த்துவிட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரிஸ்கில்லா மொக்கைச்சாமியைத் திருத்திக்கொண்டிருந்தாளாம். வெளி வேலை பார்ப்பதில்லை என்று ஜனவரியில் கையெழுத்துப் போட்டால்தான் நிரந்தரம், அதன் பிறகு இதைப் பார்த்தால் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார். எழுதி வைத்ததும் டிசம்பரோடு தீர்கிறது. "கிறிஸ்துமசுக்கு வாரேன்க்கா. ஜக்கம்மாள் அம்மாகிட்ட நேர்ல உண்மையச் சொல்லிட்டு முடிச்சிர்றேன்" என்றாள். அப்படியே செய் என்று நானும் நாலு தடவை அழுத்திச் சொன்னேன்.

கிறிஸ்துமஸ் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, கோயம்புத்தூர் பஸ்ஸுக்குப் பையோடு கிளம்பி எங்கள் கடைக்கு வந்தாள். ஜக்கம்மாளையும் வரச் சொல்லியிருந்தேன். ஆயக்குடிக் கொய்யா ஒரு பை நிறையக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். பிரிஸ்கில்லா ஒரு கொய்யாவை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தாள். நான் கண்ணைக் காட்டினேன்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். அதெல்லாம் ஐயா சொன்னது இல்லம்மா. மொதல்லருந்தே நான்தான்..."

"தெரியும் தாயி."

பிரிஸ்கில்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அடியில ஒன் பேரு இருக்குல்ல. மத்தவுக மேலாப்புல பாத்துட்டு விட்டுருவாக. நான் எழுத்துக் கூட்டுறவ. ஆரம்பிச்சா கடைசி எழுத்து வரைக்கும் போயித்தான் நிப்பேன். மொத நாளே பாத்துட்டேன்." கொய்யாப் பையின் காதைச் சரிசெய்தார். "நாப்பது வருசம் அவரு வாய்ப்பேச்சைக் கேட்டேன். அதுல எனக்குன்னு ஒரு வார்த்தை கெடையாது. நீ பேச வச்ச பெறகுதான் கேக்க நல்லாருக்கு. அதான், செத்த நேரம் கேட்டுக்கிருவோம்னு இருந்தேன்."

பிரிஸ்கில்லா குனிந்துகொண்டாள். எனக்கு அடக்க முடியவில்லை. "இவ வேலை போயிரும்மா. கம்பெனியில கண்டிச்சுட்டாக. எழுதிக் குடுக்கணும். இனி ஒருவாட்டி பாத்தா அனுப்பிருவாக" என்று கொட்டிவிட்டேன்.

"அய்யய்யோ, அப்ப வேணாம் தாயி" என்று ஜக்கம்மாள் உடனே எழுந்தார். நடிப்பெல்லாம் இல்லை, நிஜமாகவே பதறினார். "எனக்காக ஒம் பொழப்பு கெடவா? இம்புட்டு நாள் கேட்டதே போதும். நீ நல்லாரு." அவள் தலையில் கை வைத்தார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

அவ்வளவுதான், முடிந்தது. யாரும் பிடித்து வைக்கவில்லை. பஸ்ஸுக்கும் நேரம் இருந்தது. பையை எடுடி, எடுத்துக்கொண்டு ஓடுடி என்று நான் மனதுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

"அம்மா, வந்து உக்காருங்க" என்றாள் பிரிஸ்கில்லா.

அவளுடைய பழைய நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரைப் போட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை அறைந்தாலும் அறைந்திருப்பேன். ஆனால் அழுகைதான் வந்தது. அருகில் போய்க் காதோரம், "அந்தப் பேரையாச்சும் எடுத்துத் தொலடி. கம்பெனிக்காரன் கண்ணுல பட்டா என்னாகும்?" என்றேன்.

"வேணாம்க்கா. அதை எடுத்தா அம்மாவ நான் ஏமாத்துற மாதிரி ஆயிரும்."

தேதிக் கட்டத்தில் ஜனவரி ஒன்று என்று போட்டாள். திரும்பிப் பார்த்து, "ஒண்ணாந்தேதி என்னம்மா சொல்லச் சொல்லட்டும்?" என்று கேட்டாள்.

ஜக்கம்மாள் ஸ்டூலின் ஓரத்தில் உட்கார்ந்து கொஞ்சம் யோசித்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது போல.

"சாப்ட்டியான்னு கேக்கச் சொல்லு" என்றார்.

பிரிஸ்கில்லா அதைத்தான் அடித்தாள். அடியில் அவள் பெயர் தானாக விழுந்தது.